விற்கப்பட்ட நேரத்துக்குள் ஒரு குரல்: தமிழ் அறிவிப்பாளரின் தொழிற்பாதை

வானொலி, தொலைக்காட்சி அறிவிப்பாளர்களைப் பற்றி எழுதும்போது நாம் பெரும்பாலும் குரலிலேயே நின்றுவிடுகிறோம். கணீரென்ற குரல், பிசகாத உச்சரிப்பு, நேயர்களின் அன்பு, ஒரு விருது, கடைசியில் ஓர் அஞ்சலிக் குறிப்பு என்ற வரிசையில் அந்த வாழ்க்கை எழுதி முடிக்கப்பட்டுவிடுகிறது. குரல் முக்கியமில்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரே காலத்தில், ஏறக்குறைய ஒரே தரத்தில் குரல் வாய்த்த பலருள் ஒருவர் ஏன் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராகிறார், இன்னொருவர் ஏன் பல்லாண்டு பணியாற்றியும் நிலையத்தின் எல்லைக்கு அப்பால் அறியப்படாமல் ஓய்வு பெறுகிறார் என்ற கேள்விக்குக் குரலில் விடை கிடைப்பதில்லை. அறிவிப்பாளர் பேசும் நேரம் அவருடையதல்ல. அது அரசுக்கோ, விளம்பரதாரருக்கோ, சேனலுக்கோ, அந்த அரைமணி நேரத்தை மொத்தமாக விலைக்கு வாங்கிய தயாரிப்பு நிறுவனத்துக்கோ சொந்தமானது. அந்த உரிமை கைமாறிய ஒவ்வொரு முறையும் இந்தத் தொழிலின் இலக்கணமும் மாறியிருக்கிறது. கொழும்பு, சென்னை ஆகிய இரண்டு நகரங்களில் வளர்ந்த தமிழ் ஒலிபரப்பை இந்தக் கோணத்தில் பார்த்தால், இலங்கை வானொலியின் அறிவிப்பாளர்களுக்கு ஏன் அப்படியொரு புகழ் கிடைத்தது என்பதும், தொலைக்காட்சி வந்தபோது அவர்களில் மிகச் சிலரே ஏன் அதில் கால் ஊன்ற முடிந்தது என்பதும் விளங்கும்.

முதலில் அரசுக்குச் சொந்தமான நேரம். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்று தொடங்கப்பட்டது. அங்கே நிகழ்ச்சி அறிவிப்பாளர் என்பவர் ஒரு கச்சேரிக்கு முன்னும் பின்னும் வந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி விலகிக்கொள்ளும் பணியாளர். நிலையத்தின் பெயரே முன்னால் நிற்கும். அறிவிப்பாளர்களில் பலர் நீண்ட காலம் 'ஸ்டாஃப் ஆர்ட்டிஸ்ட்' என்ற ஒப்பந்த வகையில் இருந்தார்கள்; அரசு ஊழியருக்குரிய கட்டுப்பாடுகள் அனைத்தும் அவர்களுக்கு உண்டு, அரசு ஊழியருக்குரிய உறுதிப்பாடுதான் முழுமையாக இல்லை. செய்தி வாசிப்பாளர்களின் நிலை சற்று வேறு. டெல்லியிலிருந்து வந்த தமிழ்ச் செய்தியறிக்கையில் வாசிப்பவர் தன் பெயரைச் சொல்லும் வழக்கம் இருந்ததால், சரோஜ் நாராயண்ஸ்வாமி போன்றவர்கள் பத்து நிமிட அறிக்கையின் தொடக்கத்தில் வரும் அந்த ஒற்றை வாக்கியத்தின் வழியாகவே தலைமுறைகளுக்கு அறிமுகமானார்கள். அவர்கள் வகித்த பதவி செய்தி வாசிப்பாளர் மற்றும் மொழிபெயர்ப்பாளர் என்பது பலருக்கும் தெரியாது. செய்தி அறையில் ஆங்கிலத்தில் வந்து சேரும் பிரதியை நேரம் நெருக்கும்போது தமிழாக்கி, தானே திருத்தி, தானே வாசிக்கும் வேலை அது. கேட்பவர்கள் வியந்த நிதானம் பாதி அந்த மேசையில் உருவானது.

அரசு நேரத்தில் எதைச் சொல்லலாம் என்பதற்கான வரம்பு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு 1950களின் தொடக்கத்தில் நடந்த ஒரு சச்சரவைச் சொல்லலாம். திரைப்பாடலை ஒலிபரப்பும்போது பாடகரின் பெயரைச் சொல்லலாம், படத்தின் பெயரைச் சொல்லக் கூடாது, ஏனெனில் அது விளம்பரமாகிவிடும் என்று அகில இந்திய வானொலி முடிவெடுத்தது. படத் தயாரிப்பாளர்கள் பாடல்களுக்கான உரிமத்தைத் திரும்பப் பெற்றார்கள். 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர் செவ்வியல் இசையின் மீது பற்றும் திரையிசையின் மீது அவநம்பிக்கையும் கொண்டவர். அவர் காலத்தில் திரைப்பாடல் இந்திய வானொலியிலிருந்து ஏறக்குறைய மறைந்தது. ஓர் அறிவிப்பாளர் உச்சரிக்கக் கூடாத சில சொற்களிலிருந்து கிளம்பிய விவகாரம், இந்தியத் துணைக்கண்டத்தின் நேயர்களைக் கடல் கடந்து கொழும்பின் பக்கம் திருப்பிவிட்டது.

கொழும்பு அதற்கு ஆயத்தமாக இருந்தது. அங்கே ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16 முதலே நடந்துவந்தது என்றாலும், அதன் வீச்சைப் பெருக்கியது இரண்டாம் உலகப் போர். தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்துக்காகக் கொழும்புக்கு அருகே எக்கலையில் அமைக்கப்பட்ட 100 கிலோவாட் சிற்றலை (ஷார்ட் வேவ்) ஒலிபரப்பி, போருக்குப் பின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. ஒரு சிறிய தீவின் தேவைக்குச் சற்றும் பொருந்தாத அந்தப் பெரிய கருவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்விக்குக் கிடைத்த விடைதான் 1950 செப்டம்பர் 30 அன்று தொடங்கிய வர்த்தக சேவை. இந்திய நிறுவனங்கள் இந்திய வானொலியில் விளம்பரம் செய்ய முடியாது. கொழும்பில் நேரத்தை வாங்கி, இந்தியாவெங்கும் கேட்கச் செய்ய முடியும். ஒலிபரப்பும் நாடு ஒன்று, வாங்கும் சந்தை இன்னொன்று என்ற இந்த வினோத ஏற்பாட்டில்தான் தெற்காசியாவின் முதல் நட்சத்திர அறிவிப்பாளர்கள் பிறந்தார்கள்.

இதன் தெளிவான உதாரணம் இந்தியில் இருக்கிறது. 1952 டிசம்பரில் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' நிகழ்ச்சியை அமீன் சயானி பம்பாயில் ஒலிப்பதிவு செய்தார். நாடா விமானத்தில் கொழும்பு போய், அங்கிருந்து சிற்றலையில் திரும்பி வந்தது. வாரம் 25 ரூபாய் ஊதியத்துக்கு எழுத்து, தயாரிப்பு, தொகுப்பு, வரும் கடிதங்களைப் பிரிப்பது என எல்லாவற்றையும் ஒருவரே செய்ய வேண்டியிருந்ததால் அனுபவசாலிகள் ஒதுங்கிக்கொள்ள, இருபது வயதைத் தொடும் நிலையில் இருந்த அவருக்கு அந்த வேலை வந்தது. நேரத்தை வாங்கியிருந்த பினாக்கா பற்பசையின் வணிகப் பெயர் மாறியபோது நிகழ்ச்சியும் 'சிபாக்கா கீத்மாலா' ஆயிற்று. நாட்டின் மிகப் பிரபலமான வானொலி நிகழ்ச்சியின் பெயர்கூட அதை நடத்தியவர் கையில் இல்லை. ஆனாலும் பற்பசையை மறந்தவர்கள் சயானியை மறக்கவில்லை; 2024 பிப்ரவரியில் அவர் மறைந்தபோது நாளிதழ்கள் எழுதியது அவருடைய அழைப்பு மொழியைப் பற்றித்தான். நேரத்தை வாங்கியவரின் பணத்தில் தன் பெயரையும் நிலைநாட்டிக்கொள்ளும் இந்த வித்தையே வர்த்தக ஒலிபரப்பு அறிவிப்பாளருக்குத் திறந்துவிட்ட புதிய வழி.

தமிழில் அந்த வழியில் முதலில் நடந்தவர் எஸ்.பி. மயில்வாகனம். அவருக்குப் பின் கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்று நீளும் வரிசையின் பெயர்கள் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மட்டுமன்றி, தூத்துக்குடியிலும் இராமநாதபுரத்திலும் தஞ்சையிலும் உள்ளூர்ப் பெயர்களாகப் புழங்கின. காலையில் 'பொங்கும் பூம்புனல்', பிறகு 'பிறந்தநாள் வாழ்த்து', 'நீங்கள் கேட்டவை', 'இசையும் கதையும்' என்று நாளைப் பகுத்துக்கொண்ட அந்த நிகழ்ச்சிகளின் சரக்கு பெரும்பாலும் தமிழ்நாட்டில் தயாரான திரைப்பாடல்தான். பாடல் தமிழ்நாட்டினுடையது, அதைக் கேட்கும் பழக்கத்தை வடிவமைத்தது கொழும்பு. பாடலாசிரியர் யார், இசையமைப்பாளர் யார் என்று பாடலுக்கு முன் முறையாகச் சொல்லும் வழக்கத்தால் திரைப்பாடலுக்கு ஓர் இலக்கிய மரியாதை கிடைத்தது என்று அக்கால நேயர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள்.

அந்த அறிவிப்பாளர்களின் புகழ்பெற்ற உச்சரிப்புக்குப் பின்னால் ஓர் இயற்பியல் காரணமும் உண்டு. சிற்றலை ஒலிபரப்பில் ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளே வானொலிப் பெட்டிக்கு வந்து சேரும். மெய்யெழுத்துகளின் கூர்மையைக் காட்டும் உயர்ந்த அதிர்வெண்கள் வழியிலேயே வெட்டுப்பட்டுவிடும். எஞ்சியதும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் ஒரு நேரம் ஓங்கும், ஒரு நேரம் தேயும். இப்படிப்பட்ட தடத்தில் முணுமுணுப்பவர் காணாமல் போவார். ஒவ்வொரு சொல்லின் இறுதியையும் விழுங்காமல் முடிப்பது, பெயரையும் ஊரையும் தனித்தனியாக நிறுத்திச் சொல்வது, நிலையத்தின் பெயரை அடிக்கடி நினைவூட்டுவது ஆகியவை அழகுக்காக மட்டும் வந்தவையல்ல; கேட்கப்படுவதற்கு அவை தேவைப்பட்டன. ராஜாவின் வேகமான அறிவிப்பு இதற்கு முரண் போலத் தோன்றலாம். ஆனால் அந்த வேகத்திலும் ஒரு சொல் இன்னொரு சொல்லோடு ஒட்டாது என்பதுதான் அவரைப் போலப் பேச முயன்ற பலருக்கும் கைகூடாத பகுதி.

மொழிநடைக்கும் இதே போன்ற விளக்கம் பொருந்தும் என்பது என் கருத்து. விற்பனை தமிழ்நாட்டையும் இலங்கையையும் ஒருசேரக் குறிவைத்தபோது, யாழ்ப்பாணப் பேச்சிலும் பேச முடியாது, சென்னைப் பேச்சிலும் பேச முடியாது. இரு கரையிலும் அந்நியமாகாத, எழுத்துத் தமிழுக்கு அருகில் நின்றும் விறைப்பில்லாத ஒரு நடை தேவைப்பட்டது. கொழும்பைச் சேர்ந்த அப்துல் ஹமீத் அந்த நடையைத் தன் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டவர். பல இனத்தவர் கலந்து வாழும் நகரத்தில் வளர்ந்த ஒரு முஸ்லிம் இளைஞர், சைவப் புலமை மரபில் ஊறிய யாழ்ப்பாணத்தாரும் குறை காணாத தமிழைப் பேசினார் என்பது அந்த நிலையத்தின் பயிற்சிக்குக் கிடைத்த சான்று. வானொலி நாடகத்தில் நடித்துப் பழகிய குரல்கள்தான் அங்கே அறிவிப்பிலும் ஒளிர்ந்தன. ராஜேஸ்வரி சண்முகத்தின் வாழ்க்கையிலும் நாடகமும் அறிவிப்பும் பிரிக்க முடியாதவை.

வேலையின் உள்ளடக்கம் இன்றைக்குச் சற்று வியப்பளிக்கும். இசைத்தட்டுக் களஞ்சியத்திலிருந்து பாடலைத் தேர்ந்தெடுப்பது, தட்டின் எந்தக் கோட்டில் ஊசியை வைத்தால் இசை தொடங்கும் என்று பார்த்து வைப்பது, முன்னிசை எத்தனை நொடி ஓடுகிறது என்பதை மனத்தில் கொண்டு பாடகரின் குரல் எழும் கணத்துக்கு முன் பேச்சை முடிப்பது, இடையே வர்த்தக அறிவிப்பை நேரம் தவறாமல் செருகுவது என்று எல்லாம் நேரலையில் நடந்தன. தவறினால் அழித்து மறுபடி பேச வழியில்லை. நேயர்களின் அஞ்சல் அட்டைகளே அன்றைய அளவுகோல். எந்த ஊரிலிருந்து எத்தனை அட்டைகள் வருகின்றன என்பது விளம்பரதாரருக்குச் சந்தை நிலவரம். அறிவிப்பாளருக்கோ, தன்னைக் கேட்பவர்களைப் பெயரோடும் ஊரோடும் அறிந்துகொள்ளக் கிடைத்த ஒரே வாய்ப்பு. பெயர்ப் பட்டியலை வாசிப்பது இன்று கேட்டால் சலிப்பூட்டும். அன்று தன் பெயருக்காகக் காத்திருந்தவருக்கு நிகழ்ச்சியின் உச்சமே அந்தப் பட்டியல்தான்.

இந்த ஏற்பாடு தளர்ந்ததற்கும் குரல் காரணமில்லை. கொழும்புக்கு நேயர்களை இழந்துகொண்டிருந்த இந்தியா 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி என்ற பொழுதுபோக்கு வானொலிச் சேவையைத் தொடங்கியது. அது திரைப்பாடலை மீட்டதே தவிர, விளம்பரத்தை உடனே ஏற்கவில்லை. 1967 நவம்பரில் பம்பாய், புணே, நாக்பூர் நிலையங்களில் விவித பாரதி விளம்பரம் ஏற்கத் தொடங்கியபின், இந்திய நிறுவனங்கள் கொழும்பில் நேரம் வாங்க வேண்டிய தேவை படிப்படியாகக் குறைந்தது. அதே ஆண்டின் ஜனவரியில் இலங்கை வானொலி கூட்டுத்தாபனமாக மாற்றப்பட்டிருந்தது. பழக்கத்தின் வலிமையால் தமிழ்நாட்டு நேயர்கள் அதன் பிறகும் நெடுநாள் கொழும்பையே கேட்டார்கள். 1983 ஜூலை வன்முறைக்குப் பின் நிலைமை வேறு. தமிழ் ஒலிபரப்பாளர்கள் பலர் நாட்டை விட்டு வெளியேறி, இலண்டன், பாரிஸ், டொராண்டோ போன்ற நகரங்களின் புலம்பெயர் வானொலிகளில் மறுபடி தொடங்கினார்கள். கே.எஸ். ராஜா 1989இல் கொழும்பில் படுகொலை செய்யப்பட்டார். போர்க்காலத்தில் ஓர் அரசு நிலையத்தின் குரலாக இருப்பது எவ்வளவு ஆபத்தான அடையாளம் என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

தொலைக்காட்சி சென்னைக்கு வந்தது 1975 ஆகஸ்ட் 15 அன்று. தூர்தர்ஷன் அரசு வானொலியின் இலக்கணத்தைப் படத்தோடு தொடர்ந்தது என்றே சொல்லலாம். நிகழ்ச்சிகளுக்கு இடையே தோன்றும் அறிவிப்பாளரின் முகமும் புடவையும் ஊரெல்லாம் பேசப்பட்டாலும், அவர் நிகழ்ச்சிக்கு வெளியே நின்றவர்தான். 'ஒலியும் ஒளியும்' போன்ற பெருவரவேற்புப் பெற்ற நிகழ்ச்சிகூட எந்தத் தொகுப்பாளரின் பெயராலும் நினைவுகூரப்படுவதில்லை. வர்த்தக ஒலிபரப்பு கொழும்பில் நிகழ்த்திய மாற்றம் தமிழ்த் தொலைக்காட்சியில் நிகழ, 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தயாரிப்பாளர்கள் சேனலுக்குக் கட்டணம் செலுத்தி நேரத்தைப் பெற்று, விளம்பரத்தைத் தாங்களே பிடித்து நிகழ்ச்சி நடத்தும் முறை அங்கே பரவலாக இருந்தது. கொழும்பின் வர்த்தக சேவையில் பழகியவர்களுக்கு அது பழகிய தெரு.

அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' அந்தத் தெருவில் நடந்தது. இலங்கை வானொலியில் பிறந்து மேடைகளில் வளர்ந்த நிகழ்ச்சி, நகைக்கடையின் பெயரை முன்னொட்டாக ஏற்று 'லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு' என்று சன் டிவியில் வந்தது. போட்டியாளர் ஒருவர் பல்லவியைப் பாடுவார். ஹமீத் ஒரு சொல்லையோ எழுத்தையோ எடுத்துக் கொடுப்பார். அடுத்தவர் குறித்த நேரத்துக்குள் அதில் தொடங்கும் பாடலைப் பாட வேண்டும். அரங்கமைப்போ தொழில்நுட்பமோ பெரிதாகத் தேவைப்படாத வடிவம். ஆனால் நடத்துபவரிடம் அது கேட்பது அதிகம். பாடப்பட்ட வரி உண்மையாகவே பாடலின் தொடக்கமா, சரணத்தின் நடுவிலிருந்து எடுத்ததா, சொல் மாறியிருக்கிறதா என்று கணினி இல்லாத அரங்கில் உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டும். தீர்ப்பு தவறினால் வீட்டில் இருக்கும் இலட்சக்கணக்கானோரில் யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். வானொலியில் பல ஆண்டு இசைத்தட்டுகளோடு வாழ்ந்தவருக்கு மட்டுமே அந்த நாற்காலி பொருந்தியது. அவர் படத்தின் பெயரையும் கவிஞரின் பெயரையும் சேர்த்துச் சொல்லித் திருத்தும்போது, போட்டியாளர் தோற்றாலும் அவமானப்படுவதில்லை. தோற்றவரைக் கேலி செய்து கைதட்டல் வாங்கும் பிற்காலப் பழக்கத்தோடு ஒப்பிட்டால் அந்த நாகரிகத்தின் அருமை தெரியும்.

இங்கே தொலைக்காட்சி அவரிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு வேறொன்றைக் கொடுத்தது. வானொலியில் அமைதி என்பது பழுது. சில நொடி பேச்சோ இசையோ இல்லையென்றால் நேயர் வேறு நிலையத்தைத் தேடுவார். ஆகவே வானொலி அறிவிப்பாளர் இடைவெளியை நிரப்பப் பழகியவர். தொலைக்காட்சியில் பாடலைத் தேடித் தவிக்கும் போட்டியாளரின் முகமே காட்சி. நடத்துபவர் பேசாமல் இருப்பது அங்கே ஒரு திறமை. வானொலியிலிருந்து வந்து தொலைக்காட்சியில் எடுபடாமல் போனவர்களில் பலர் தோற்றத்தால் தோற்கவில்லை, ஓயாமல் பேசித் தோற்றார்கள் என்று நினைக்கிறேன்.

அதே சேனலில் அதே காலத்தில் இன்னொரு வகைப் புகழும் உருவானது. நேயர் தொலைபேசியில் அழைத்துப் பாடல் கேட்கும் 'பெப்சி உங்கள் சாய்ஸ்' நிகழ்ச்சியை நடத்திய உமாவை இன்றுவரை பெப்சி உமா என்றுதான் தமிழ்நாடு அழைக்கிறது. பினாக்கா நிகழ்ச்சியின் பெயரில் நின்றது. பெப்சி மனிதரின் பெயரிலேயே ஏறிவிட்டது. ஹமீதின் மூலதனம் நினைவும் மொழியும் என்றால், உமாவின் மூலதனம் முன்பின் தெரியாத ஒருவரோடு அரை நிமிடத்தில் இயல்பாகப் பேசிவிடும் நெருக்கம். அவர் பேசியது வீட்டுப் பேச்சுக்கு அருகிலான, ஆங்கிலம் கலந்த தமிழ். ஹமீதின் தமிழ் அந்தச் சூழலில் தனித்துத் தெரிந்ததற்கு அதன் தூய்மை மட்டுமல்ல, சுற்றிலும் இருந்தவர்கள் வேறு தமிழுக்குப் போய்க்கொண்டிருந்ததும் காரணம். பின்வந்த தொகுப்பாளர்கள் ஹமீதை மேடையில் புகழ்ந்தார்கள். தொழிலில் உமாவின் வழியைப் பின்பற்றினார்கள்.

பண்பலை வானொலி அந்த வழியை இன்னும் அகலமாக்கியது. இந்தியாவில் தனியாருக்கு முதலில் கிடைத்தது நிலையமல்ல, நேரம்தான்: 1993 முதல் சில ஆண்டுகள் அகில இந்திய வானொலி தன் பண்பலை நேரத்தைச் சென்னை உள்ளிட்ட நகரங்களில் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டது. அலைவரிசைகள் பொதுச் சொத்து என்ற உச்ச நீதிமன்றத்தின் 1995ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின்பு, ஏலத்தின் வழியாகத் தனியார் நிலையங்கள் வந்தன. சென்னையில் 2003இல் சூரியன், மிர்ச்சி போன்றவை ஒலிக்கத் தொடங்கின. பண்பலையில் 15 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலி தெளிவாகப் போகும். மூச்சும் சிரிப்பும் கிசுகிசுப்பும்கூட நேயரின் காதுக்கு வரும் தடத்தில், மேடையில் நின்று பேசுவது போல் பேசினால் செயற்கையாகத்தான் இருக்கும். இளைய தலைமுறைக்கு உச்சரிப்பில் அக்கறையில்லை என்று புலம்புகிறவர்கள் இந்தத் தொழில்நுட்ப வேறுபாட்டைக் கணக்கில் கொள்வதில்லை. அக்கறைக் குறைவும் இருக்கிறது, மறுக்கவில்லை; ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக்குவதைப் பண்பலை ஒன்றும் கட்டாயப்படுத்தவில்லை.

ஆனால் ஆர்.ஜே. (ரேடியோ ஜாக்கி) எனப்படும் பண்பலை அறிவிப்பாளரின் கையில் இரண்டு முக்கியமான சங்கதிகள் இல்லை. பாடலைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் நிலையத்தின் இசைப் பிரிவும் அட்டவணை மென்பொருளும்தான். கொழும்பின் அறிவிப்பாளருக்கு இருந்த களஞ்சியச் சுதந்திரம் இங்கே இல்லை. இரண்டாவது, இந்தியத் தனியார் பண்பலை சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தியறிக்கையை மாற்றமின்றி மறு ஒலிபரப்பு செய்யலாம், அவ்வளவுதான். பாடலும் தன் தேர்வில்லை, நாட்டு நடப்பும் பேசக் கூடாது என்றால் எஞ்சுவது தன் ஆளுமை, நகைச்சுவை, போக்குவரத்து நெரிசல், சினிமா. ஆர்.ஜே.க்கள் ஏன் எல்லோரும் ஒரே மாதிரி வேடிக்கையாகப் பேசுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு உரிம விதியிலேயே பாதி பதில் இருக்கிறது. இலங்கையில் 1990களின் பிற்பகுதியில் வந்த சக்தி, சூரியன் போன்ற தனியார் தமிழ் வானொலிகளுக்கு இந்தத் தடை இல்லாததால், அங்கே அறிவிப்பாளர் செய்தியையும் கலந்துரையாடலையும் பழகிக்கொண்டே வளர முடிகிறது. ஒரே மொழியில், ஒரே காலத்தில், இரு வேறு தொழில்கள்.

செய்தியும் இசைத் தேர்வும் மறுக்கப்பட்ட இடத்தில் ஆளுமையே சரக்கானதால், அந்தச் சரக்கை வேறு சந்தைக்குக் கொண்டு செல்வதும் எளிதாயிற்று. பண்பலையிலிருந்து விஜய் டிவிக்கு வந்த மா.கா.பா. ஆனந்தும், பண்பலைப் புகழோடு திரைப்படத்துக்குப் போய் நடிகராகவும் இயக்குநராகவும் ஆன ஆர்.ஜே. பாலாஜியும் இதற்கு எடுத்துக்காட்டுகள். பின்னவர் முந்தைய வேலையைப் பெயரின் முன்னாலேயே வைத்திருக்கிறார். விஜய் டிவியின் நகைச்சுவைப் போட்டியில் கலந்துகொண்டு, அங்கேயே தொகுப்பாளராகி, 2012 முதல் கதாநாயகனாக நிலைபெற்ற சிவகார்த்திகேயனின் பாதை தமிழ்நாட்டின் ஒவ்வொரு இளம் தொகுப்பாளருக்கும் கனவு வரைபடம். இதில் எனக்கொரு வருத்தம் உண்டு. தொகுப்பு என்பது வேறெங்கோ போவதற்கான படிக்கட்டாகிவிட்டால், அந்தத் தொழிலிலேயே முப்பது ஆண்டு நின்று பழுக்க யாருக்கும் பொறுமை இருக்காது. 2006இல் 'நீயா நானா'வைத் தொடங்கி, எதிரெதிரே அமர்ந்த இரு தரப்பை ஒழுங்குபடுத்தும் ஒற்றை வேலையில் நீண்ட காலம் நிலைத்த கோபிநாத் போன்றவர்கள் விதிவிலக்காகவே தெரிகிறார்கள்.

எதிர்த் திசையிலும் ஒரு போக்குவரத்து நடக்கிறது. 2000 ஜூலையில் அமிதாப் பச்சன் இந்தியில் கோடீஸ்வர வினாடி வினாவை ஏற்றபின், பெரிய முதலீட்டு நிகழ்ச்சி என்றாலே திரை நட்சத்திரம்தான் நடத்த வேண்டும் என்பது எழுதாத விதியாயிற்று. தமிழில் சரத்குமார், சூர்யா என்று அந்த வினாடி வினா வடிவம் கைமாறியது. 'பிக் பாஸ்' 2017இல் கமல் ஹாசனோடு தொடங்கி 2024இல் விஜய் சேதுபதியிடம் வந்தது. இந்த வடிவங்கள் வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. கேள்வி கேட்கும் முறை, இசை, ஒளி, இடைநிறுத்தம் எல்லாம் உரிம ஒப்பந்தத்தோடு வருபவை. நட்சத்திரம் கொண்டுவருவது தன் மீதான மக்களின் ஆர்வத்தை. தொழில்முறைத் தொகுப்பாளருக்கு அந்த மாடியில் அறை இல்லை. ஹமீத் நடத்திய நிகழ்ச்சியில் அவரை நீக்கிவிட்டால் வடிவமே தள்ளாடும். உரிமம் பெற்ற வடிவத்தில் நடத்துபவரை மாற்றினால் அடுத்த பருவம் வழக்கம்போல் தொடங்கும். பேரம் பேசும் வலிமை யாரிடம் இருக்கிறது என்பது இதில் தெரிந்துவிடும்.

யூடியூப் வந்தபின் நேரத்தின் உரிமை முதல் முறையாகப் பேசுபவரின் கைக்கு வந்தது போலத் தோன்றுகிறது. சேனல்களை விட்டு விலகிய நெறியாளர்களும் தொகுப்பாளர்களும் சொந்த அலைவரிசை தொடங்கி, மணிக்கணக்கில் நேர்காணல் நடத்துகிறார்கள். விளம்பரதாரரின் வாசகத்தை அவர்களே நடுவில் நிறுத்திச் சொல்கிறார்கள். நேரம் அவர்களுடையது, ஆனால் அது யாருக்குக் காட்டப்படும் என்பது தளத்தின் கையில். இன்னொரு மாற்றம் இதைவிட ஆழமானது. வானொலி நேரலை பேசி முடித்ததும் கரைந்துவிடும்; இப்போது ஒவ்வொரு சொல்லும் சேமிக்கப்படுகிறது. கொழும்பின் பொற்காலத்திலிருந்து நாம் இன்று கேட்கும் பகுதிகளில் கணிசமானவை, நேயர்கள் வீட்டில் ஒலிநாடாவில் பதிந்துவைத்துப் பின்னாளில் இணையத்தில் ஏற்றியவை. முறையான பதிவுகள் இருந்தால் அவை நிலையங்களின் சொத்து. அறிவிப்பாளரிடம் இருப்பது நினைவு மட்டுமே. ஹமீத் தன் அனுபவங்களை நூலாக எழுதியது அந்த வகையில் மிகவும் தேவையான காரியம்.

சேமிக்கப்பட்ட குரல் யாருடையது என்ற கேள்வி இப்போது ஏட்டளவில் நிற்கவில்லை. 2024 மே மாதம் தூர்தர்ஷனின் விவசாயிகளுக்கான டிடி கிசான் சேனல் கிரிஷ், பூமி என்ற இரண்டு செயற்கை நுண்ணறிவுத் தொகுப்பாளர்களை அறிமுகப்படுத்தியது. பல மொழிகளில் பேசக்கூடியவை, ஓய்வு கேட்காதவை. அதே ஆண்டு ஜூலையில், பாடகர் அரிஜித் சிங்கின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் நகலெடுப்பதற்கு மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துநருக்கு ஐம்பது ஆண்டு உரிமை தருகிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வணிகப் பயன்பாட்டுக்கு உரிமத் தொகை கோரும் வழியையும் சேர்த்தது. நட்சத்திரப் பாடகருக்கு வழக்கறிஞர் வைக்க வசதி உண்டு. மாவட்ட நிலையமொன்றில் ஒரு பணிமுறைக்கு இவ்வளவு என்று ஊதியம் பெறும் தற்காலிக அறிவிப்பாளரின் பல்லாண்டுப் பதிவுகள் நிலையத்தின் கணினியில் இருக்க, அந்தக் குரலிலேயே நாளைய அறிவிப்பை மென்பொருள் பேசினால் அவருக்குச் சேர வேண்டியது என்ன என்று அவர் கையெழுத்திட்ட தாள்கள் எதுவும் பேசியிருக்க வாய்ப்பில்லை. இதுவரை விலைபேசப்பட்டது அறிவிப்பாளர் பேசும் நேரம். இனி வரும் ஒப்பந்தங்களில் குரலும் தனி இனமாக எழுதப்பட வேண்டியிருக்கும்.